ஆறும் என்ற சொல்

தமிழில் ‘புண் ஆறும்’ என்கிற வாக்கியம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. புண் பொதுவாக ஆறிவிடும் இயல்புடையது என்கிறது. இந்தப் புண், உன் புண், இனி ஆறப்போகிறது என்றும் சொல்கிறது. முன்னது உலகைப் பற்றிய கூற்று. பின்னது ஒரு ஆளுக்குக் கொடுக்கப்படும் வாக்கு. மாடு புல் தின்னும், நாளை மழை பெய்யும் என்று வழக்கத்தையும் வருங்காலத்தையும் ஒரே விகுதிக்குள் வைத்துக்கொண்டிருக்கிற பாஷை நம்முடையது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. கவிதையில் இந்த இரட்டைத்தன்மை பெரிய சௌகரியம். ஆனால் ஆஸ்பத்திரி மேஜை ஒன்றின் எதிரே, கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தின் முன்னால், இதே சௌகரியம் வேறு காரியம் பார்க்கிறது. டாக்டர் முதல் அர்த்தத்தில் பேசுகிறார். படுக்கப்போகிறவர் இரண்டாவது அர்த்தத்தில் கேட்டுக்கொள்கிறார். இருவரும் ஒரே வாக்கியத்தின் கீழ் கையெழுத்திடுகிறார்கள்.

இதைப் பற்றி யோசிக்கும்படி நேர்ந்தது என் அத்தானால். அக்காவின் கணவர். தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். அரிசி மில்லில் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். 2017இல், தம் 61ஆவது வயதில், வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டார். பன்னிரண்டு வருஷச் சர்க்கரைக்காரர். ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ஓர் இளம் டாக்டர் வந்து காகிதத்தைக் காட்டி, வரக்கூடிய சங்கடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்ல பையன், பொறுமையாகத்தான் சொன்னார். நெஞ்சுப் புண்ணைப் பற்றி வந்தபோது, “உள்ள சீழ் பிடிக்கிறது நூத்துக்கு ரெண்டு பேருக்குத்தான் ஐயா. பயப்படாதீங்க, ஆறிடும்” என்றார்.

டாக்டர் போனபிறகு அத்தான் என்னைப் பார்த்துக் கேட்டார். “மாப்ளே, நூத்துக்கு ரெண்டு பேருன்னு சொல்லுதாரே, மத்த தொண்ணூத்தெட்டு பேரையும் அவரு போயிப் பாத்துட்டு வந்தாரா?”

அந்தச் சமயத்தில் இது அவருடைய வழக்கமான குசும்பாகத்தான் எனக்குப் பட்டது. ஆபரேஷன் பயத்தை அவர் அப்படித்தான் சமாளிப்பார். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவற்றை வைத்துப் பார்க்கும்போது, இந்த விஷயத்தில் கேட்கத் தகுந்த ஒரே கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது.

நான் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன். நூற்றுக்கு இத்தனை என்கிற பேச்சு எனக்குப் புதிதல்ல. மனு பாரத்தில் வயது, உயரம், எடை, தாய் தகப்பன் எந்த வயதில் எதனால் இறந்தார்கள், சர்க்கரை உண்டா, பீடி சிகரெட் உண்டா என்றெல்லாம் இருக்கும். அவற்றை அட்டவணையோடு வைத்துப் பார்த்து, சிலருக்குக் கூடுதல் பிரீமியம் போடுவோம். அந்த ஆள் எப்போது சாவார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அதே வயதில், அதே உடம்போடு பதினாயிரம் பேர் எங்களிடம் இருந்தார்கள். வருஷத்துக்கு அவர்களில் ஏறக்குறைய எத்தனை பேர் என்பது தெரிந்தால் போதும். பதினாயிரம் பேரை ஏற்றுக்கொள்கிற ஸ்தாபனத்துக்கு அந்த எண் கெட்டியான உண்மை, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய உண்மை. ஆனால் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்வது ஒரே ஒருவரை. நூற்றில் இரண்டு பங்கு சீழ் பிடித்த நெஞ்சு என்று எங்கும் கிடையாது. அவருக்கு வரும், அல்லது வராது. எண் நூறு பேருக்குச் சொந்தம். புண் ஒருவருக்குச் சொந்தம். இந்த இடைவெளியை எந்தக் கணிதமும் தூர்க்காது.

அந்தப் புண் எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். பெயரிலேயே தச்சனை வைத்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். மார்பின் நடுவே, கழுத்துக்குழியிலிருந்து வயிற்றின் தொடக்கம் வரை தோலை நேர்கோட்டில் பிளந்து, அடியிலிருக்கும் நெஞ்செலும்பை வாளால் நெடுக அறுக்கிறார்கள். பிறகு இரண்டு பாதிகளையும் கதவு போல விலக்கி வைத்துக்கொண்டு உள்ளே வேலை பார்க்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பிகளை எலும்பைச் சுற்றிக் கொடுத்து முறுக்கிப் பூட்டுகிறார்கள். கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்செலும்புக்கு அந்தச் சலுகை இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் அது அசையும், இருமினால் பிய்யப் பார்க்கும். அப்படி அசைந்துகொண்டே அது ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் ஆகிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பைபாஸுக்கு மிக நல்ல குழாய் என்று கருதப்படுவது மார்புச்சுவரின் உட்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டி இறங்கும் தமனி. காலிலிருந்து எடுக்கும் சிரையைவிட அது அதிக காலம் அடைபடாமல் இருக்கும். ஆனால் நெஞ்செலும்புக்கு ரத்தம் கொடுப்பதும் அதுதான். இருதயத்தின் ஆயுளைக் கூட்ட எலும்பின் பங்கை எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு இரண்டு பக்கத் தமனியையும் எடுத்தால் புண் கெடும் வாய்ப்புக் கூடுகிறது என்பது இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம். புண் மேலோடு கெட்டால் மருந்தில் போய்விடும். ஆழத்தில் கெட்டால் அதற்கு அடுத்த வீடு இருதயம்.

இந்த வித்தை நம் பக்கத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் என். கோபிநாத் இருதய நுரையீரல் யந்திரத்தின் உதவியோடு திறந்த இருதய ஆபரேஷன் செய்தது 1962இல். இந்தியாவின் முதல் பைபாஸை டாக்டர் கே. எம். செரியன் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் செய்தது 1975இல். ஆரம்ப காலத்தில் இருதய வார்டுகளில் படுத்திருந்தவர்களில் பலர் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இளைஞர்கள். இன்று படுத்திருப்பவர்களில் பலர் என் அத்தான் மாதிரி, சர்க்கரையோடு பல வருஷம் குடித்தனம் செய்தவர்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கெடுப்பு, நாட்டில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. அறுக்கும் வாள் அதேதான், அறுபடும் உடம்பு மாறிவிட்டது.

யாருடைய புண் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது பழைய ஆசை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சீழிலேயே நல்ல சீழ் உண்டு என்று நம்பினார்கள். கெட்டியாக, வெள்ளையாக வந்தால் ‘புகழத்தக்க சீழ்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தோடு வந்து, சீழே வராமல் இருப்பதுதான் நல்லது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு அறிகுறியை அழகாக வியாக்கியானம் செய்யத் தெரிந்துவிட்டால், அது வராமல் தடுக்கும் எண்ணம் மழுங்கிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இலக்கிய விமர்சனத்துக்கும் இது பொருந்தும், ஆனால் அது வேறு கட்டுரை.

இப்போது அந்த இடத்துக்கு மதிப்பெண் பட்டியல்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1991இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் பரவிய ஒரு பட்டியல் எல்லா ஆபரேஷனுக்கும் பொதுவாக மூன்று கேள்வி கேட்கிறது. நோயாளி ஏற்கனவே கடும் வியாதிக்காரரா? அறுக்கும் இடம் அசுத்தமானதா? ஆபரேஷன் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்ததா? இருதயத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு அநேகமாக எல்லோரும் ‘ஆம்’. இரண்டாவதற்கு அநேகமாக எல்லோரும் ‘இல்லை’. மிஞ்சுவது மூன்றாவது. அதற்குப் பதில் ஆபரேஷன் முடிந்த பின்தான் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடும் வாத்தியார் யாரையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தக் குறையை உணர்ந்து இருதயத்துக்கென்றே தனியாகச் செய்தவை பின்னால் வந்தன. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து பைபாஸ் நோயாளிகளை வைத்து 2007இல் ஒன்று. சர்க்கரைக்கு ஒரு புள்ளி. உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் 30ஐத் தாண்டினால் ஒரு புள்ளி, 35ஐத் தொட்டால் இரண்டு. அவ்வளவுதான். லண்டனில் பிராம்ப்டன், ஹேர்ஃபீல்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளை வைத்து 2015இல் இன்னொன்று. பெண்ணா, சர்க்கரை உண்டா, எடை விகிதம் 35க்கு மேலா, இருதயத்தின் இறைக்கும் திறன் 45 சதவீதத்துக்குக் கீழா, அவசர ஆபரேஷனா என்று ஐந்து கேள்வி. இவை எவ்வளவு நன்றாகச் சொல்கின்றன என்பதை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. சீழ் பிடித்த ஒருவரையும் பிடிக்காத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து நிறுத்தினால், பட்டியல் முன்னவருக்கு அதிக மதிப்பெண் போட்டிருக்குமா? நாணயம் சுண்டினால் பத்துக்கு ஐந்து முறை சரியாக வரும். இந்தப் பட்டியல்கள் பத்துக்கு ஏழு முறை அளவில் சரியாகச் சொல்கின்றன. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே ஏழு. ஏளனம் செய்யத் தேவையில்லை. ஜாதகம் பார்ப்பவர்கள் பொதுவாகத் தம் மீது இப்படி ஒரு கணக்கை வைத்துப் பார்ப்பதில்லை.

நான் வீட்டில் உட்கார்ந்து அத்தானுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. விகிதம் 24. ஆஸ்திரேலியப் பட்டியலில் சர்க்கரைக்கான ஒரு புள்ளி மட்டும். லண்டன் பட்டியலிலும் ஐந்து கேள்வியில் ஒன்றுக்குத்தான் ‘ஆம்’. இரண்டுமே அவரை ‘பரவாயில்லை’ வரிசையில் உட்காரவைத்தன.

இதில் 24 என்கிற அந்த எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். பூனாவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் பத்திரிகையில் தங்கள் இருவருடைய போட்டோவையும் போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் எடை விகிதம் ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே தடி. உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் குழுவும் அதே 2004இல் ஆசியர்களுக்கு 23, 27.5 என்று தாழ்ந்த எல்லைகளைக் குறித்தது. மெல்போர்னில் 30 என்று கீறிய கோடு தச்சநல்லூருக்கு வந்து சேரும்போது அதே இடத்தில் நிற்பதில்லை. வெளியூர் அளவுகோலைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே வைத்து, எழுத்தாளர்களின் உயரத்தை அளந்து சண்டை போட்டுக்கொண்ட சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் கோட்டைச் சரியாக இழுத்துவிட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. அது வெறும் கூட்டல் கணக்கு. ஆயிரம் பேருக்கு ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் அவர்களில் நூறு பேரை ஆபத்துக்காரர் என்று பிரிக்கிறது. அந்த நூறில் எட்டுப் பேருக்கு வருகிறது. மீதித் தொள்ளாயிரத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் பதினெட்டுப் பேருக்கு வருகிறது. மொத்தம் இருபத்தாறு. பட்டியல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆபத்துக்காரர்களிடம் நாலு மடங்கு அதிகம். இருந்தும் சீழ் பிடித்த இருபத்தாறில் பதினெட்டுப் பேர், ‘உங்களுக்குப் பயமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1980களில் இருதய நோயைப் பற்றி எழுதும்போது இந்த முரணை விளக்கினார். சிறு ஆபத்திலுள்ள பெருங்கூட்டம், பெரும் ஆபத்திலுள்ள சிறு கூட்டத்தைவிட அதிக நோயாளிகளைத் தரும். எங்கள் ஆபீஸ் அட்டவணையிலும் இதே கதைதான். நாங்கள் கொடுத்த மரண உரிமத் தொகைகளில் பெரும்பகுதி போனது சாதாரணப் பிரீமியக்காரர்கள் வீட்டுக்கு.

அத்தான் அந்தப் பதினெட்டில் ஒருவரானார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். தையல் கோடு சுத்தமாக இருந்தது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கிவிட்டுப் போனார்கள். பதினாறாம் நாள் காலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பனியனில் நாலணா அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை என்று சொன்னாள். அதைவிட அவளைக் கலக்கியது இன்னொன்று. “ஏ தம்பி, உங்க அத்தான் இருமுனா நெஞ்சுக்குள்ள தாப்பாள் போடுத மாதிரி சத்தம் கேக்குது. டிக்குனு. நேத்து ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

கம்பி தளர்ந்து எலும்பின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உரசுவது அது. பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள்.

ஆபரேஷன் செய்த ஊருக்குப் போக அவருக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் நெஞ்சில் விழும். இங்கேயே வேறோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திறந்து பார்த்தார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. ஆரோக்கியமாக நடமாடுகிற பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமி. சில கம்பிகளை வெட்டி எடுத்தார்கள். செத்த எலும்பைச் சுரண்டினார்கள். புண்ணின் மேல் பஞ்சு வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மெஷினால் இரவும் பகலும் உறிஞ்சினார்கள். சிரை வழியே வாரக்கணக்கில் மருந்து. கடைசியில் மார்புத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து குழியை மூடினார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போதும் இருக்கிறார். தண்ணீர்க்குடத்தைத் தூக்குவதில்லை, இடது பக்கம் சாய்ந்து படுப்பதில்லை. கோவில் கொடைக்குப் போனால் கூட்டத்தில் நிற்கமாட்டார், யாராவது நெஞ்சில் இடித்துவிடுவார்கள் என்று.

அந்த வாரங்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. பட்டியல்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் கத்தி வைக்கும் முன்னால் இருந்த உடம்பைப் பற்றியவை. ஆனால் புண் ஆறுவது ஆஸ்பத்திரியில் இல்லை. ஆழமான தொற்றுகளில் பல, நோயாளி வீடு திரும்பிய பிறகு, ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தை ஒட்டி வெளியே தெரிகின்றன. அதாவது புண் தன் முடிவை எடுப்பது அக்காவின் வீட்டில். ஆடி மாசப் புழுதியில், மேலத்தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரில், மருந்துக் கடைக்காரர் கொடுத்த பஞ்சில், அத்தானின் சர்க்கரை அன்றைக்கு எவ்வளவு என்பதில். பக்கத்தில் படுத்து இருமலைக் கேட்க ஒரு ஆள் உண்டா என்று எந்தப் பட்டியலும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு புள்ளி உண்டென்றால் அத்தானுக்கு அது சாதகமான புள்ளி. கறை தெரிந்த அன்றே வந்தது அவர் பிழைத்ததற்கு ஒரு காரணம் என்று இரண்டாவது ஆஸ்பத்திரியின் டாக்டர் அக்காவிடமே சொன்னார்.

அப்படியானால் முன்கூட்டிச் சொல்வதால் என்னதான் பிரயோஜனம்? இந்த இடத்தில் நம்மிடையே சுலபமாக ஒரு மனோபாவம் தலைதூக்கும். எண்கள் மனிதனைத் தொடாதவை, விஞ்ஞானம் வறட்டுத்தனம், தனிமனித அனுபவமே சத்தியம் என்று. இந்தப் பாவனையில் எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்டனி ஃபர்னரி என்ற சர்ஜனும் அவருடைய சகாக்களும் 1987 முதல் 1997 வரை இருதய ஆபரேஷன் செய்துகொண்ட 2,467 சர்க்கரை நோயாளிகளின் கணக்கை 1999இல் வெளியிட்டார்கள். முதல் சில வருஷங்கள் இன்சுலினை அவ்வப்போது தோலுக்கடியில் போட்டார்கள். பிற்பாடு ஆபரேஷன் நேரத்திலும் அதன் பின்னும் சிரை வழியே இடைவிடாமல் கொடுத்து, சர்க்கரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டார்கள். ஆழமான நெஞ்சுத் தொற்று நூற்றுக்கு 2.0இலிருந்து 0.8ஆகக் குறைந்தது. ஒரே ஆஸ்பத்திரியின் முன்னும் பின்னும் என்பதால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. இருந்தாலும் அது காட்டும் பாதை முக்கியம். சர்க்கரைக்காரருக்கு ஆபத்து அதிகம் என்ற கணிப்பை அவர்கள் நோயாளியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தவில்லை. கணிப்பு பொய்யாகும்படி கையை வைத்து வேலை செய்தார்கள்.

ஜோசியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஜோசியன் தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று விரும்புகிறான். இந்தக் கணிப்பு, பலிக்காமல் போவதற்காகவே சொல்லப்படுவது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகளை எடுத்துப் பாருங்கள். மூக்கில் அந்தக் கிருமி இருப்பது தெரிந்தால் இருதய ஆபரேஷனுக்கு முன் மூக்கில் களிம்பு. மார்பு ரோமத்தைச் சவரக்கத்தியால் மழிக்காமல், தேவையென்றால் மட்டும் கத்தரிக்கும் மெஷின். இவற்றில் மகத்தானது என்று ஒன்றும் இல்லை. ஒரு களிம்பு, ஒரு மெஷின், ஒரு கடிகாரம் போதும். இவற்றை ஆபத்துக்காரர் என்று பிரித்த நூறு பேருக்கு மட்டும் செய்யாமல், மீதித் தொள்ளாயிரத்துக்கும் செய்யவேண்டும் என்பதுதான் ரோஸின் கணக்கு சொல்வது.

ஆனால் கணிப்பு நாணயமாக இருப்பதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு. சொன்னது நடந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்த்து எழுதவேண்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் விதிப்படி இருதய ஆபரேஷனில் ஆழமான தொற்றை 90 நாள் வரை தேடவேண்டும். அத்தானுக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து 90 நாளில் ஒரு போன்கூட வரவில்லை. வரவில்லை என்று குறை சொல்வது என் நோக்கமில்லை. அதன் விளைவு என்ன என்று பார்க்கவேண்டும். மறுபரிசீலனைக்கு அவர் அங்கே போகவில்லை. புண் கெட்டது வேறு ஊரில், வேறு பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் என் அத்தான் இன்றைக்கும் தொண்ணூற்றெட்டில் ஒருவர். சௌக்கியமாக ஆறிப்போனவர். அவருக்குப் பிறகு அதே கட்டிலில் படுத்த யாரோ ஒருவரிடம் அந்த இளம் டாக்டர் நூற்றுக்கு இரண்டு என்று சொல்லியிருப்பார். அந்த இரண்டில் அத்தான் இருக்கமாட்டார். எந்த எண்ணைக் கேட்டு அவர் கையெழுத்துப் போட்டாரோ அந்த எண்ணை, கெட்டுப்போன அவருடைய நெஞ்சே இன்னும் சற்று அழகாக்கிக் கொடுத்திருக்கிறது. திரும்பி வராதவர்கள் எல்லோரும் ஆறியவர்கள் என்று எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரையும் போய்ப் பார்த்தாரா என்று அவர் கேட்டதற்கு இதுதான் பதில்.

‘ஆறும்’ என்று சொல்லாதீர்கள் என்று டாக்டர்களிடம் கேட்டுக்கொள்ள முடியாது. பாஷையே அப்படித்தான் இருக்கிறது. பயந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் வேறு எதைத்தான் சொல்வது? ஆனால் அதோடு இன்னும் இரண்டு வாக்கியம் சேர்க்கலாம். மூன்று மாதத்துக்குள் கறை, காய்ச்சல், நெஞ்சில் சத்தம், எது கண்டாலும் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள் என்று ஒன்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் நாங்கள் கேட்போம் என்று ஒன்று. முதல் வாக்கியம் அக்காவின் காதை மருத்துவத்தின் பகுதியாக ஆக்குகிறது. இரண்டாவது, எண்ணை உண்மையாக்குகிறது. இரண்டுக்கும் செலவு ஒரு டெலிபோன்.

அந்த வருஷம் கார்த்திகையில் நான் முதல் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியின் பதிவு எண், ஆபரேஷன் தேதி, சீழ் கண்ட தேதி, பரிசோதனை அறிக்கையின் நகல். நஷ்டஈடு கேட்கவில்லை, யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. ‘தங்கள் கணக்கில் இவரை ஆறியவர் பட்டியலிலிருந்து ஆறாதவர் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளவும்’ என்று முடித்திருந்தேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நாற்பது வருஷம் பேரேடு எழுதிய கை, கடைசி வரியில் வந்து நின்றது.

“மாத்திக்கிடவும்னு போடாதீக மாப்ளே. பதிவு பண்ணிக்கிடவும்னு போடுங்க. அவங்க ஏட்டுல நான் எங்கயுமே இல்லையே, பொறவு எங்கேருந்து மாத்துறது?”

அப்படியே திருத்தி எழுதி, ஜங்ஷன் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்து அனுப்பினேன். ஒப்புகை அட்டை எட்டு நாளில் வந்தது. அதை அக்கா ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு சேர்த்து, அரிசி மில்லின் பழைய ஃபைல் ஒன்றில் வைத்திருக்கிறாள்.